உப்பு கொஞ்சம் தூக்கல்

அத்தா திரும்பி வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரியில் கதவு தட்டும் சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதை வாசிக்க வேண்டாம். அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உடம்புக்கு ஆகாது. எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

நான் எட்டாவதுக்கு மேல் போகாதவள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து, ஹெம்மிங் செய்து கொடுப்பது என் வேலை. கை ஊசியோடு போய்க்கொண்டிருக்கும், மனசு தன் பாட்டுக்கு எதையாவது பிடித்துக்கொள்ளும். கேஸை அணைத்தேனா, மாடிக் கதவைச் சாத்தினேனா, போனில் சார்ஜ் இருக்கிறதா. சாத்தித்தான் இருப்பேன். இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அடுத்த கொக்கி ஓடும். இதற்கு மருந்து இருக்கிறதாம். மருந்து தின்றால் தூக்கம் வருமாம், தூங்கும்போது போன் வந்தால் யார் எடுப்பது என்பது அடுத்த கவலை.

பாபநாசத்துக்குப் பக்கம், மெயின்ரோட்டை விட்டு வாய்க்கால் ஓரமாக இறங்கினால் எங்கள் தெரு. தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். எங்கள் அத்தாவும் சவுதியில் இருந்தார். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அத்தா போன் செய்வார். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை ஆயிற்று. அந்த வருடம் நோன்பு நடுவில் பேசியவர், பெருநாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தார். பெருநாள் போனது. நாங்கள் கூப்பிட்டால் ஒரு பெண் அரபியில் ஏதோ சொன்னாள். சுவிட்ச் ஆஃப் என்று அர்த்தமாம். எனக்கு அது தெரியாது. அவளுக்கு அத்தாவைத் தெரியும், அவர் எங்கே போயிருக்கிறார் என்று பொறுமையாகச் சொல்கிறாள், நமக்குத்தான் பாஷை புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டு அவள் சொல்வது முழுதும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஏறவில்லை, இது ஏறியது.

அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தெருவுக்குத் தெரிந்துவிடும். அம்மா செய்த ஒரே காரியம், எதிர்த் தெரு மாமா லீவு முடிந்து சவுதிக்குத் திரும்பப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் காய்கறி வண்டிக்காரரிடம் வெங்காயத்தாளுக்குச் சொல்லி வைத்ததுதான்.

வெங்காயத்தாள் என்றால் முற்றாத சின்ன வெங்காயம், பச்சைத் தாளோடு கட்டாகக் கட்டி வரும். அதை வினிகரில் போடும் ஊறுகாய் எங்கள் பக்கம் நெய்ச்சோற்றுக்கு இருந்தே ஆக வேண்டும். மற்ற வீடுகளில் தாளை ஒட்ட நறுக்கிவிட்டு வெங்காயத்தை மட்டும் போடுவார்கள். அத்தாவுக்குத் தாளோடு வேண்டும். அம்மா முதல் தடவை அப்படியே நீளமாக விட்டுப் போட்டு அனுப்பியபோது, ரூமில் கூட இருந்தவர்கள் எலிவால் ஊறுகாய் என்று கேலி செய்தார்களாம். அத்தா அதைப் போனில் சொல்லிச் சிரித்தார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த தடவையிலிருந்து ஒவ்வொரு தாளையும் முடிச்சுப் போட ஆரம்பித்தாள். அப்படி முடிச்சுப் போட்ட ஊறுகாய் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது.

அறுப்பு நேரம். மெயின்ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் மாடியில் வெங்காயம் காய்ந்தது. அடிவேரைச் சுரண்டலாம், அடிக்கட்டையை வெட்டக் கூடாது. வெட்டினால் ஊறும்போது இதழ் இதழாகக் கழன்றுவிடும். உப்பில் பிசறி வெள்ளைத் துணியில் பரப்பி, தாள் துவளும்வரை வெயிலில் விட வேண்டும். பிறகுதான் முடிச்சு. அவசரப்பட்டால் தாள் ஒடிந்துவிடும். அந்தத் தடவை அம்மா என்னையும் முடிச்சுப் போட விட்டாள். ஒரு முடிச்சு போதுமென்றாள். எனக்குப் போதவில்லை. அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று மேலே இன்னொன்றும் போட்டேன். அதனால் நான் கட்டியவை குண்டு குண்டாக, அசிங்கமாக இருந்தன.

"பாவம் அந்த வெங்காயம், தூக்குல போட்ட மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. ஆனால் அவிழ்க்கவில்லை. பெரிய ஜாம் பாட்டிலில் என்னுடையதையும் அவளுடையதையும் கலந்தே அடுக்கினாள். வினிகரில் இஞ்சியும் காய்ந்த மிளகாயும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஊற்றினாள். மூடியை இறுக்கி, மெழுகுவத்தியை உருக்கிச் சுற்றிலும் விட்டு அடைத்தாள். மேலே பிளாஸ்டர், அதன் மேல் பாலிதீன், அதன் மேல் ஒரு பழைய துண்டு. அடுத்தவர் பெட்டியில் நம் ஊறுகாய் ஒழுகினால் அதைவிட மானக்கேடு எங்கள் தெருவில் இல்லை.

மாமா வீட்டுக் கூடத்தில் அவர் கொண்டுபோக வேண்டிய பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து எடை சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது.

"தங்கச்சி, ஊறுகா மட்டும் வேணாம்மா. வேற என்ன வேணாலும் குடுங்க."

"ஒழுகாதுண்ணே. மெழுகு போட்டிருக்கேன்."

"போன தடவ ஒருத்தன் இப்பிடித்தான் சொன்னான். என் சட்டையெல்லாம் மாங்கா வாசம். ஒரு மாசம் பூனை மாதிரி ஆளுவோ என் பின்னாடியே வந்தானுவோ."

மாமியும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. பாட்டிலை நீட்டியபடியே நின்றாள். மாமா அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார்.

"சரி. அமானிதம். அவர் கையில சேக்குறது என் பொறுப்பு."

அமானிதம் என்றால் ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருள். வாங்கியவர் அதைத் தான் எடுத்துக்கொள்ளவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. சேர வேண்டியவரிடம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்தவரிடம் திருப்பித் தர வேண்டும். எங்கள் ஓதும் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பாதிக் கவலை போனது. மீதிப் பாதி வினிகரைப் பற்றியது. அந்த நாட்டில் சாராயம் கொண்டுபோனால் ஜெயில் என்று கேள்விப்பட்டிருந்தேன். வினிகர் வாசனையும் கிட்டத்தட்ட அப்படித்தான் அடிக்கும். ஏர்போர்ட்டில் மோந்து பார்த்து மாமாவைப் பிடித்துவிட்டால் மாமி எங்களை என்ன சொல்வாள் என்று அவர் போய்ச் சேரும்வரை சோறு இறங்கவில்லை.

போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்து மாமாவிடமிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"குடுத்துட்டேன் தங்கச்சி. கையிலயே குடுத்துட்டேன்."

"நல்லா இருக்காங்களாண்ணே?"

"இருக்காரு, இருக்காரு. வேலதான் ஜாஸ்தி. போனு தண்ணியில விழுந்துருச்சாம். புது போனு வாங்குனதும் பேசுவாரு."

அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஊறுகா என்னண்ணே சொன்னாங்க?" என்றாள்.

லைன் கட்டாகிவிட்டது என்று பயந்துபோய் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்புட்டாரு" என்றார் மாமா. "என் கண்ணு முன்னாடியே தொறந்து சாப்புட்டாரு. உப்புதான் கொஞ்சம் தூக்கலா இருக்குன்னாரு."

அம்மா சிரித்தாள். பெருநாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நன்றாக இருந்தது என்று மாமா சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. உப்பு தூக்கல் என்றதும் நம்பிவிட்டாள். அத்தாவுக்கு எதிலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், மாவு மில்லில், எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள், அவங்களுக்கு நாக்கு நீளம், நான் எப்படிப் போட்டாலும் உப்பு தூக்கல்தான் என்று. கணவனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்த சந்தோஷத்தில் அவள் முகமே மாறியிருந்தது.

அத்தாவிடமிருந்து போன் வரவில்லை. புது போன் வாங்கத் தாமதமாகிறது என்று நானும் அம்மாவும் பேசிக்கொள்வோம். எந்தக் கலரில் வாங்குவார் என்றுகூடப் பேசியிருக்கிறோம்.

ஒரு வருடம் ஆவதற்குள் மாமா திரும்பி வந்துவிட்டார். கம்பெனியை மூடிவிட்டார்களாம், இனிமேல் போகப்போவதில்லையாம். அம்மா இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் அவர் வீட்டில் இல்லை. அடுத்த மாதமே மகனுக்குச் சுன்னத் விருந்து வைத்தார். தெருவே போனது.

பெண்களுக்கு உள்ளே விரிப்பு விரித்திருந்தார்கள். சஹன் சாப்பாடு. பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, சுற்றி நாலு பேராக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. எங்கள் தட்டில் அம்மா, நான், மாமியின் அக்கா, ரைஸ்மில் வீட்டுப் பெண் ஒருத்தி. மாமி எங்கள் தட்டுக்கென்று ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது எல்லாருக்கும் கெடையாது. எங்க வூட்டுக்காரரு பொட்டியில கொண்டாந்தாரு. சவுதி ஊறுகா. துண்டு சுத்தி அடியில வச்சிருந்தாரு, நாந்தான் தேடி எடுத்தேன். மெழுகு போட்டு அடைச்சிருக்கான், தோசைத் திருப்பியால நெம்பித்தான் தொறந்தேன்."

"அவனுவோ எதச் செஞ்சாலும் ஒரு ஒழுங்கு இருக்கும்" என்றாள் ரைஸ்மில் வீட்டுப் பெண், ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து. "முடிச்சுகூடப் போட்டிருக்கான் பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு இந்தப் பொறுமை வருமா?"

நானும் பார்த்தேன். கிண்ணத்தில் மேலாகக் கிடந்தது ஒரு குண்டு முடிச்சு. முடிச்சு மேல் முடிச்சு.

"இது எங்கம்மா போட்டது" என்றேன். "இந்த முடிச்சு நான் போட்டது."

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒங்கம்மா எப்படி சவுதிக்குப் போயிப் போட்டா?" என்றாள் மாமியின் அக்கா. "மினி பஸ்லயா?"

அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். ஆமாம், இது நாங்கள் போட்டதுதான் என்று அவள் சொன்னதும் இவர்கள் வாயெல்லாம் அடைத்துவிடும் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அம்மா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் குண்டு முடிச்சைத்தான் எடுத்தாள். விரலில் வைத்து ஒரு தடவை உருட்டினாள். வாயில் போட்டு மெதுவாக மென்றாள். ஒரு சின்ன வெங்காயத்தை அவ்வளவு நேரம் மெல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"நம்ம ஊறுகா இப்பிடி வராது" என்றாள். "இது அந்த ஊரு பக்குவம்."

"அம்மா, இல்லம்மா, இது—"

முக்காட்டு மறைவில் அவள் இடது கை என் தொடையைக் கிள்ளியது. கிள்ளிவிட்டு எடுக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போது மாமா நெய்ச்சோற்றுக்கு ஊற்றும் தால்சா வாளியோடு வாசற்படிக்கு வந்தார். என்ன சிரிப்பு என்று கேட்டார். மாமி சொன்னாள், உங்க சவுதி ஊறுகாயை இந்தப் பொண்ணு அவங்கம்மா போட்டதுங்குது. மாமா கிண்ணத்தைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊறுகா நல்லா இருக்குண்ணே. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

மாமா குனிந்து வாளியின் பிடியைப் பிடித்தார். பிறகு, "ஆமா தங்கச்சி" என்றார். "அவங்க அப்பிடித்தான் போடுவாங்க." வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தட்டுக்குத் தால்சா ஊற்றவே இல்லை.

நானும் ஒன்றை எடுத்துத் தின்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமா பின்னாலேயே வந்தார். "தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். அம்மா திரும்பவில்லை. குனிந்து என் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"வேற யாராச்சும் சவுதி போறாங்களாண்ணே?"

"தங்கச்சி..."

"போனாச் சொல்லுங்க. ஒரு பாட்டில்தான். ஒழுகாது."

"ரைஸ்மில் வூட்டுப் பையன் போறான்" என்றார் மாமா கடைசியில். "சொல்லி வைக்கிறேன்."

வழியில் நான் அழுதுகொண்டே வந்தேன். மாமா திருடிவிட்டார், அத்தாவுக்குக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டார், நீயும் அவர் பக்கம் பேசினாய் என்றேன். "அமானிதத்த அவரு திருட மாட்டாரு" என்று மட்டும் சொன்னாள் அம்மா. அப்படியென்றால் அந்த பாட்டில் எப்படி அவர் பெட்டிக்குள் வந்தது என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

மாமா இப்போது பஸ் ஸ்டாப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். நூல்கண்டும் ஊசியும் அங்கேதான் வாங்குகிறேன். சில்லறையைக் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார். கேட்டால் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அத்தாவைத் தேடிப்போய் அவர் அங்கே இல்லாமல் திரும்பினாரா. இருந்தும், இது எனக்கு வேண்டாம், கொண்டுபோ என்று அத்தா சொல்லிவிட்டாரா. கதவைத் திறந்தது வேறு ஒரு பெண்ணா. அல்லது, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று யாராவது கையைக் காட்டினார்களா. ஹெம்மிங் செய்துகொண்டே ஒவ்வொன்றாக நினைத்து முடிப்பேன். முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். கடை வாசல்வரை போய், கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, நூல்கண்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். அத்தாவுக்குத் தெரிந்த எங்கள் பழைய நம்பருக்கு அம்மா மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறாள். அவளுக்கு மறந்துவிடப்போகிறதே என்று நான் ஞாபகப்படுத்துகிறேன்.

அன்றைக்கு அந்தத் தட்டில் அம்மா எதைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று எனக்குப் புரிவதற்குப் பல வருடம் ஆனது. கிண்ணத்தில் இருந்தது எங்கள் ஊறுகாயாக இல்லாமல் இருந்தால்தான், எங்கள் ஊறுகாயை அத்தா தின்றிருக்க முடியும்.

விருந்து முடிந்து கொஞ்ச நாளில் வெங்காயத்தாள் வந்தது. மறுபடி மாடி, மறுபடி வெள்ளைத் துணி. நான் கோபமாகத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அடிவேரைச் சுரண்டச் சுரண்ட கோபம் போய்விட்டது. உப்புப் பிசறும்போது அம்மா என் கையைப் பிடித்தாள்.

"உப்பக் கொறச்சுப் போடு. போன தடவ தூக்கலா இருக்குன்னாங்கல்ல."

உப்புக் குறைந்தால் தாள் கொழகொழத்துவிடும், வினிகர் நுரைத்துவிடும், ஊறுகாய் நாள் தாங்காது. அவள்தானே சொல்லிக்கொடுத்தாள்.

"கெட்டுப்போயிடுமேம்மா. அத்தா கைக்குப் போறதுக்குள்ள."

"பரவால்ல" என்றாள் அம்மா. "கொறச்சே போடு."

குறைத்தே போட்டேன். அவள் மெழுகை உருக்கி, முன்பு செய்த மாதிரியே, ஒரு சின்ன இடம் விடாமல் மூடியைச் சுற்றி அடைத்தாள். அந்தப் பையன் கிளம்பும்வரை தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன், நுரை கட்டியிருக்கிறதா என்று. அத்தா திறந்து வாயில் போடும்வரை அது கெடாமல் இருக்க வேண்டும். அதைத் தவிர அப்போது எனக்கு வேறு கவலை இல்லை.